பிள்ளையாருக்கு தடை... சீலிங்குக்கு இல்லையா? சாக்கு மூட்டையில் ஏரிக்கரைக்கு போகும் ஜிப்சம் கழிவு

வேப்பம்பட்டு,

விநாயகர் சதுர்த்தி வந்தால் போதும். "பிளாஸ்டர் ஆப் பாரீஸ் சிலைகளை ஏரி, குளங்களில் கரைக்கக் கூடாது" என்று மாவட்டந்தோறும் அறிவிப்பு வந்து விடும். களிமண் சிலைக்கு மட்டுமே அனுமதி. மீறினால் நடவடிக்கை.

ஆனால் அதே பிளாஸ்டர் ஆப் பாரீஸ் வீட்டு சீலிங்கில் இருந்து உடைபட்டு சாக்கு மூட்டையில் ஏறுகிறது. ராத்திரியோடு ராத்திரியாக குட்டியானை வண்டியில் ஏரிக்கரைக்கு போகிறது. அதை ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

வருடத்தில் ஒருநாள் வரும் பிள்ளையாருக்கு இவ்வளவு கட்டுப்பாடு. வருடம் 365 நாளும் வரும் சீலிங் கழிவுக்கு கட்டுப்பாடு எங்கே? சென்னையின் மேற்கு புறநகரில் வீடுகள் பெருகி வரும் வேப்பம்பட்டு மாதிரியான ஊர்களில் இது சின்ன பிரச்சினை இல்லை. இது பற்றிய ஒரு அலசல் வருமாறு:-

காயலான் கடையும் வாங்காது

சென்னை-அரக்கோணம் ரெயில் பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது வேப்பம்பட்டு. ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த இடம். சென்னையில் வாடகை கொடுத்து கட்டுப்படியாகாதவர்கள் இங்கே மனை வாங்கி வீடு கட்டினார்கள். வீடு வந்ததும் கடை வந்தது. கடைக்கு பின்னால் கிளினிக், கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர் என்று எல்லாம் வந்தது.

இப்போது இவை எல்லாவற்றிலும் பால்ஸ் சீலிங். சின்ன செல்போன் கடை போட்டால் கூட மேலே ஜிப்சம் போர்டு அடித்து லைட் வைத்தால்தான் கடைக்கு களை வருகிறது என்கிறார்கள். அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி, இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், காக்களூர் தொழிற்பேட்டை ஆபீஸ்களிலும் தடுப்பு சுவர் என்றால் ஜிப்சம் போர்டுதான். செங்கல் வைத்து கட்ட ஒரு வாரம் ஆகும். போர்டு என்றால் ரெண்டே நாள்.

போடும்போது சுலபம். கழற்றும்போதுதான் தலைவலி.

ஒரு கணக்கு பார்ப்போம். சந்தையில் கிடைக்கும் ஆறடிக்கு நாலடி, 12.5 மில்லி மீட்டர் தடிமன் போர்டு ஒன்று ஏறக்குறைய 18 முதல் 20 கிலோ எடை. பத்துக்கு பத்து ரூம் ஒன்றின் சீலிங்கை பிரித்தால் போர்டு மட்டுமே சுமார் 80 கிலோ. மூன்று ரூம் என்றால் கால் டன். மழையில் ஒழுகி கறை பட்டாலும் கழற்ற வேண்டும். வாடகைக்கு இருந்த கடை காலி ஆனாலும் கழற்ற வேண்டும். வெட்டிப் போட்ட துண்டுகள், கீழே கொட்டிய பி.ஓ.பி. கலவை, காலி பட்டி சாக்கு எல்லாம் இதற்கு மேல்.

வீட்டை இடிக்கும்போது வரும் மற்ற பொருளுக்கெல்லாம் ஒரு விலை உண்டு. சீலிங்கை தாங்கிய இரும்பு சேனலை காயலான் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக் கொள்வார். ஒயரில் இருக்கும் செம்புக்கு போட்டியே நடக்கும். கதவு, ஜன்னலுக்கு தனி வியாபாரி இருக்கிறார். உடைந்த செங்கல் கூட பள்ளம் நிரப்ப போகும். ஜிப்சம் போர்டை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். விலை இல்லாத பொருளுக்கு வண்டி வாடகை கொடுக்க யாருக்கு மனசு வரும்?

"எங்கனா கொட்டிடுப்பா" என்பார் வீட்டுக்காரர். மேஸ்திரி அதை வண்டிக்காரர் தலையில் கட்டுவார். வண்டிக்காரர் பக்கத்தில் எங்கே இருட்டாக இருக்கிறதோ அங்கே இறக்கி விட்டு போய் விடுவார். மூன்று பேர் கை மாறியதும் அது யார் வீட்டு கழிவு என்பதே தெரியாமல் போய் விடும். சென்னை புறநகரில் ஏரிக்கரையோரமும் சர்வீஸ் ரோட்டோரமும் வெள்ளை வெள்ளையாக கிடக்கும் குவியல்களின் கதை இதுதான்.

மாவுக்கட்டும் இதுதான், சாக்பீசும் இதுதான்

அப்படியானால் ஜிப்சம் விஷமா? இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

கை, கால் உடைந்தால் ஆஸ்பத்திரியில் போடும் மாவுக்கட்டு பிளாஸ்டர் ஆப் பாரீஸ்தான். வாத்தியார் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம்தான். ஜிப்சத்தை சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்து, அதில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதியை விரட்டினால் பிளாஸ்டர் ஆப் பாரீஸ் கிடைக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் ஜிப்சமாக இறுகி விடுகிறது. ரெண்டும் ஒரே பொருள்தான்.

விவசாயிகளுக்கும் ஜிப்சம் புதுசு இல்லை. வேர்க்கடலைக்கு எக்டருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. காய் திரண்டு வர அது உதவுகிறது. களர் நிலத்தை திருத்தவும் ஜிப்சம்தான் மருந்து. சிமெண்ட் ஆலையில் சிமெண்ட் உடனே இறுகி விடாமல் இருக்க நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல பொருள் எப்படி வில்லன் ஆகிறது? அது போய் சேரும் இடமும், கூட சேரும் கூட்டமும்தான் காரணம்.

அழுகின முட்டை நாற்றம் ஏன்?

ஏரிக்கரையில் கொட்டிய ஜிப்சம் போர்டு தனியாக கிடப்பதில்லை. பக்கத்திலேயே கோழிக்கடை கழிவு, ஓட்டல் எச்சில் இலை, வீட்டு குப்பை எல்லாம் வந்து விழுகிறது. மேலே அடுத்த லோடு ரப்பிஷ் விழுந்து மூடிக் கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடியில் தண்ணீர் தேங்குகிறது. காற்று உள்ளே போக வழி இல்லை.

அப்போதுதான் ஒரு வகை பாக்டீரியா வேலையை ஆரம்பிக்கிறது. இது காற்று இல்லாத ஈர இடத்தில் வாழும். நாம் ஆக்சிஜனை சுவாசிக்கிற மாதிரி இது சல்பேட்டை எடுத்துக் கொள்ளும். ஜிப்சத்தில் பாதிக்கு மேல் சல்பேட். சாப்பாட்டுக்கு பக்கத்திலேயே அழுகின குப்பை இருக்கிறது. போதாததற்கு போர்டின் ரெண்டு பக்கமும் ஒட்டி இருக்கும் பேப்பரும் அதற்கு தீனிதான். இத்தனையும் தின்று விட்டு அது வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான்.

இந்த வாயு தமிழ்நாட்டுக்கு புதுசு இல்லை. செப்டிக் டேங்க், பாதாள சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளிகள் மயங்கி விழுந்து செத்த செய்திகளை படிக்கிறோமே, அங்கே உயிர் குடிக்கும் வாயுக்களில் முக்கியமானது இதுதான். காற்றை விட கனமானது என்பதால் பள்ளத்திலும் குழியிலும் போய் தங்கும்.

பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்து விடும். ஆனால் 100 பங்கை எட்டினால் கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப் போய் விடும். "நாத்தம் போயிடுச்சு" என்று நினைக்கும்போதுதான் ஆபத்து அதிகம். 500 பங்கை தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சாய்ந்து விடுவார்.

திறந்தவெளி குப்பை மேட்டில் அந்த அளவுக்கு போவது அபூர்வம். பயப்படுத்துவதற்காக சொல்லவில்லை. ஆனால் தினமும் லேசாக வீசும் நாற்றமே தலைவலி, குமட்டல், கண் எரிச்சல், தூக்கமின்மையை கொண்டு வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு கேட்கவே வேண்டாம். பாழும் கிணற்றிலோ, மூடிய குழியிலோ இந்த கலவையை கொட்டி வைத்து பிறகு ஒருவர் அதில் இறங்கினால் விபரீதம்தான்.

எரித்து விடலாமே என்று சிலர் நினைக்கலாம். ஜிப்சம் எரியாது. தீ பரவாமல் தடுக்கத்தான் அந்த போர்டையே பயன்படுத்துகிறார்கள். தீ வைத்தால் மேலே உள்ள பேப்பரும் கூட கிடக்கும் பிளாஸ்டிக்கும் எரிந்து கரும்புகை வரும். ஜிப்சம் அப்படியே கிடக்கும்.

போர் தண்ணியும் தப்பாது

ஜிப்சம் தண்ணீரில் உப்பு மாதிரி சட்டென்று கரையாது. ஆனால் மெல்ல மெல்ல கரையும். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராமுக்கு கொஞ்சம் மேல் கரையும். அந்த தண்ணீரில் சல்பேட் அளவு லிட்டருக்கு 1,400 மில்லி கிராம் வரை போகும். குடிநீரில் சல்பேட் 200 மில்லி கிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 400 வரை போகலாம் என்கிறது இந்திய தர நிர்ணய அமைப்பு. அதாவது தாங்கும் உச்ச அளவை விட மூன்று மடங்குக்கு மேல்.

இதெல்லாம் நேராக குடத்துக்குள் வந்து விடாது. மழைநீர் கலந்து நீர்த்துப் போகும். ஆனால் லோடு மேல் லோடாக வருடக்கணக்கில் ஒரே கரையில் கொட்டினால் பக்கத்து கிணற்று தண்ணீரும் போர் தண்ணீரும் உப்பேறும். சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. கொதிக்க வைத்தாலும் இந்த கடினத்தன்மை போகாது. சல்பேட் அதிகமான தண்ணீர் பழக்கம் இல்லாதவர்களுக்கு வயிற்றுப்போக்கையும் கொடுக்கும்.

சென்னைக்கு குடிநீர் கொடுக்கும் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகள் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2020-ல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை ஏரியும் இங்கேதான். ஊர் தாகம் தீர்க்கும் மாவட்டத்தில் நீர்நிலை ஓரம் எது விழுகிறது என்று பார்ப்பது சென்னைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

மனை மேடாக்க ரப்பிஷ் வாங்குவோர் உஷார்

இன்னொரு விஷயம், கஷ்டப்பட்டு மனை வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது. தாழ்வான மனையை மேடாக்க மண்ணுக்கு பதில் ரப்பிஷ் லோடு அடிப்பது புறநகரில் சகஜம். மண்ணை விட மலிவு. ஆனால் அந்த லோடில் ஜிப்சம் துண்டுகள் கலந்து இருந்தால் அது பின்னால் வேலையை காட்டும்.

ஈர மண்ணில் ஜிப்சத்தில் இருந்து பிரியும் சல்பேட், கான்கிரீட்டில் உள்ள சிமெண்டோடு வினை புரிந்து உள்ளே இருந்து உப்ப வைக்கும். கான்கிரீட் விரிசல் விட்டு பொரிந்து போகும். என்ஜினீயர்கள் இதற்கு சல்பேட் தாக்குதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரிக்கும்போது எங்கேயோ தூக்கிப் போட்ட சீலிங், இன்னொருவர் வீட்டு அஸ்திவாரத்தை அரிக்கும். லோடு அடிக்கும்போது வெள்ளை துண்டுகள், பேப்பர் ஒட்டிய போர்டு துண்டுகள் தெரிந்தால் "வேணாம்பா, திருப்பி எடுத்துட்டு போ" என்று சொல்லி விடுவதே நல்லது.

பிள்ளையார் வழக்கு சொல்லும் பாடம்

பிளாஸ்டர் ஆப் பாரீஸ் சிலைகள் பற்றி மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2010-ல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 2020-ல் அதை திருத்தி இன்னும் கடுமையாக்கியது. தமிழ்நாட்டில் இது கோர்ட்டு வரை போனது. 2023 செப்டம்பரில், சதுர்த்திக்கு சில நாட்களே இருக்கும்போது, நெல்லை மாவட்டத்தில் சிலை செய்து வந்த ஒருவர் ஐகோர்ட்டு மதுரை கிளைக்கு போனார். விற்கலாம், நீர்நிலையில் கரைக்கக் கூடாது என்றார் தனி நீதிபதி. மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவுக்கு தடை போட்டது. அதற்கு அடுத்த நாள் சுப்ரீம் கோர்ட்டு தலையிட மறுத்து விட்டது.

மூன்று நாளில் மூன்று கோர்ட்டு படி ஏறிய விவகாரம் இது. சிலை செய்து பிழைக்கும் ஏழை தொழிலாளிக்கு சட்டம் இவ்வளவு வேகமாக ஓடியது. அது தப்பு என்று சொல்லவில்லை. நீர்நிலை காப்பாற்றப்பட வேண்டும். சிலையில் பூசும் பெயிண்டும் கெடுதல்தான். ஆனால் அதே வேகம் சீலிங் கழிவு விஷயத்தில் எங்கே போனது என்பதுதான் கேள்வி. மூன்றடி பிள்ளையாரை விட ஒரு ரூம் சீலிங் எடை அதிகம்.

சட்டத்தில் நாலு பெட்டி... ஜிப்சத்துக்கு பெட்டி இல்லை

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. கட்டுமானம் மற்றும் இடிபாட்டு கழிவு மேலாண்மை விதிகள் 2016 மார்ச்சில் வந்தது. கழிவை உண்டாக்கியவரே அதற்கு பொறுப்பு. ரோட்டிலோ, கால்வாயிலோ கொட்டக் கூடாது. தன் இடத்திலேயே வைத்திருந்து உள்ளாட்சி சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டும். ஒரே நாளில் 20 டன், அல்லது மாதத்தில் 300 டன்னுக்கு மேல் கழிவு வரும் பெரிய வேலை என்றால் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-கலவை என்று நாலாக பிரிக்க வேண்டும் என்றது அந்த விதி.

கவனித்தீர்களா? அந்த விதியில் நாலு பெட்டி இருந்தது. ஜிப்சத்துக்கு தனி பெட்டி இல்லை. அது கலவையோடு போய் விழுந்தால் மறுசுழற்சி ஆலையில் அரைத்து எடுக்கும் ஜல்லியும் மணலும் சல்பேட் கலந்து தரம் கெடும்.

5 லட்சத்துக்கும் குறைவான ஜனத்தொகை உள்ள ஊர்களும் 3 வருடத்துக்குள், அதாவது 2019-க்குள் ஏற்பாடுகளை முடிக்க வேண்டும் என்று அந்த விதியே கெடு வைத்தது. 2025-ல் மத்திய அரசு புதிய விதிகளை அறிவித்து, 2026 ஏப்ரல் 1-ஐ அமல் தேதியாக குறித்தது. 20 ஆயிரம் சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரிய கட்டிடங்களை கட்டுகிறவர்கள் தலையில் மறுசுழற்சி பொறுப்பை வைத்தது அதன் முக்கிய அம்சம். நல்ல விஷயம்தான். ஆனால் வேப்பம்பட்டில் ஒரு ரூம் சீலிங்கை பிரிக்கிறவருக்கும், பத்தடி கடையை காலி செய்கிறவருக்கும் "எங்கே கொட்டுவது?" என்ற கேள்விக்கு இதில் நேரான பதில் இல்லை.

சென்னை மாநகராட்சியில் நிலைமை கொஞ்சம் தேவலை. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் தலா 400 டன் கையாளும் கட்டிட கழிவு மறுசுழற்சி ஆலைகள் இருக்கின்றன. 1913-க்கு போன் போட்டு கேட்கலாம். மாநகராட்சி எல்லை தாண்டி ஊராட்சி பகுதிக்கு வந்தால் அந்த நம்பர் உதவாது. எல்லைக்குள் கெடுபிடி கூடக் கூட, வண்டிக்காரர் எல்லை தாண்டி வந்து இறக்குவார். நகரத்தின் சீலிங்கும் கடைசியில் கிராமத்து ஏரிக்கரையில்தான் வந்து விழும்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

கனடா நாட்டின் வான்கூவர் நகரம் இந்த நாற்றத்தை 40 வருடத்துக்கு முன்பே அனுபவித்தது. 1984-லேயே குப்பை கிடங்கில் ஜிப்சம் போர்டு கொட்ட தடை போட்டது. தடையோடு நிற்காமல், போர்டை தனியாக வாங்கி பேப்பரை உரித்து, ஜிப்சத்தை பொடி செய்து மறுபடியும் போர்டு ஆலைக்கே அனுப்பும் தொழில் அங்கே வளர்ந்தது.

இங்கிலாந்தில் மக்கும் குப்பையோடு ஜிப்சத்தை சேர்த்து புதைக்கக் கூடாது என்பது விதி. முதலில் கொஞ்சம் கலந்திருந்தால் பரவாயில்லை என்று விட்டு வைத்திருந்தார்கள். 2009-ல் அந்த சலுகையையும் எடுத்து விட்டார்கள். அப்படியும் எல்லாம் சரியாகி விடவில்லை. ஸ்டாபோர்டுஷயர் பகுதியில் வாலிஸ் குவாரி என்ற குப்பை கிடங்கில் இருந்து வருடக்கணக்கில் ஹைட்ரஜன் சல்பைடு நாற்றம் வீசி, சுற்றி இருந்த மக்கள் போராடினார்கள். சுவாச கோளாறு உள்ள ஒரு சிறுவனுக்காக வழக்கும் நடந்தது. கடைசியில் 2024 நவம்பரில் சுற்றுச்சூழல் அமைப்பு அந்த கிடங்கை மூட நோட்டீஸ் கொடுத்தது. காசும் கருவியும் உள்ள நாட்டிலேயே இந்த பாடு என்றால், ஏரிக்கரையில் மூட்டை மூட்டையாக கொட்டும் நம் ஊர் நிலையை யோசித்துப் பார்க்கலாம்.

உடைக்கிறவர் மூச்சும் முக்கியம்

கழிவு ஏரிக்கு போகும் முன்பே அது முதலில் போவது தொழிலாளியின் நெஞ்சுக்குள்தான். மேலே பார்த்து சுத்தியால் அடிக்கும்போது மாவு மாதிரி தூசி முகத்தில் கொட்டும். பட்டி தேய்க்கும்போது அறை முழுக்க வெள்ளை மூட்டம். வாயில் கர்ச்சீப் கட்டினால் நைஸ் தூசி நிற்காது. கண்ணும் தொண்டையும் எரியும். பல வருடம் இதே வேலை என்றால் நுரையீரல் கெடும்.

மெயின் சுவிட்சை அணைத்து விட்டு, போர்டை அடித்து நொறுக்காமல் ஸ்குரூவை கழற்றி முழுசாக இறக்கினால் தூசி குறையும். லேசாக தண்ணீர் தெளிக்கலாம், ஊற்றக் கூடாது. என்-95 மாஸ்க்கும் கண்ணாடியும் வாங்கிக் கொடுப்பது வேலை கொடுப்பவர் கடமை.

இன்னொரு எச்சரிக்கை. பழைய கட்டிடத்தில் இருப்பதெல்லாம் ஜிப்சம் ஆகி விடாது. சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருக்கலாம். அதை உடைத்தால் பறக்கும் நார் புற்றுநோய் வரை கொண்டு போகும். அதை உடைக்காமல், ஜிப்சத்தோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும்.

அப்போ என்னதான் செய்வது?

தீர்வு ஒன்றும் ராக்கெட் விடும் வேலை இல்லை. ரெண்டே வார்த்தைதான். ஈரம் படக்கூடாது. குப்பையோடு சேரக்கூடாது. இந்த ரெண்டையும் காப்பாற்றினால் ஜிப்சம் சாது. அதற்கு செய்ய வேண்டியவை:-

* வீட்டுக்காரர்கள்: சீலிங் வேலைக்கு ரேட் பேசும்போதே "கழிவை எங்கே கொண்டு போய் சேர்ப்பீங்க?" என்று கேட்டு, அதற்கான வண்டி வாடகையையும் சேர்த்து பேச வேண்டும். போர்டு துண்டுகளை தனி சாக்கில் கட்டி, மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். நல்ல துண்டுகளை தூக்கிப் போடாமல் சின்ன ஒட்டு வேலைக்கு வைத்துக் கொள்ளலாம்.

* மேஸ்திரிகள்: அளவு பார்த்து வெட்டினால் வேஸ்ட் குறையும். பி.ஓ.பி. கலவையை தேவைக்கு மட்டும் கரைக்க வேண்டும். மிச்ச கலவையை சாக்கடையில் ஊற்றினால் அங்கேயே கல்லாக இறுகி அடைப்பு ஏற்படும். பக்கெட்டிலேயே இறுக விட்டு கட்டியாக எடுப்பதே சரி.

* விவசாயிகள்: வயலுக்கு ஜிப்சம் நல்லது என்பதற்காக சீலிங் துண்டை நொறுக்கி போட வேண்டாம். அதில் பெயிண்ட், பசை, கண்ணாடி நார், ஸ்குரூ எல்லாம் இருக்கும். சுத்தம் செய்து பரிசோதித்த பிறகுதான் அதை நிலத்துக்கு கொண்டு போவது பற்றி பேச முடியும்.

* உள்ளாட்சிகள்: ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு இடம், மேலே தகரக் கூரை, கீழே சிமெண்ட் தரை, எடை போட ஒரு தராசு. இது போதும். மழை படாமல் சேர்த்து வைத்து லோடு ஆனதும் அனுப்பலாம். இந்த மாவட்டத்திலேயே வல்லூரில் சிமெண்ட் அரைவை ஆலை இருக்கிறது. பேப்பர் நீக்கிய சுத்தமான ஜிப்சத்தை அங்கே பயன்படுத்த முடியுமா என்று மாவட்ட நிர்வாகமும் மாசு கட்டுப்பாட்டு வாரியமும் ஆலைகளோடு உட்கார்ந்து பேசலாம்.

* கம்பெனிகள்: போர்டு விற்கும் கம்பெனி, கழிவையும் திரும்ப வாங்க வேண்டும் என்று அரசு சொல்லலாம். புது போர்டு இறக்கி விட்டு காலியாக திரும்பும் லாரியிலேயே பழைய துண்டுகளை ஏற்றி அனுப்பினால் வாடகையும் மிச்சம்.

முடியாது என்று சொல்ல இடமில்லை. புனேயில் பிள்ளையார் சிலைகளுக்கே வழி கண்டுபிடித்தார்கள். அங்குள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் சொன்ன முறைப்படி, பேக்கரியில் பிஸ்கெட் உப்புவதற்கு போடும் அம்மோனியம் பைகார்பனேட்டை பக்கெட் தண்ணீரில் கரைத்து அதில் சிலையை வைத்தால் ரெண்டு நாளில் கரைந்து விடும். மேலே நிற்கும் தண்ணீர் அம்மோனியம் சல்பேட் உரம். அடியில் படிவது சுண்ணாம்பு தூள். புனே மாநகராட்சி அந்த உப்பை மக்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. சின்ன அளவு பி.ஓ.பி. கழிவுக்கும் இதே வேதியியல்தான்.

கொட்டகை போடுவார்களா?

ஏரிக்கரையில் கொட்டுகிற வண்டிக்காரரை பிடித்து அபராதம் போடுவது சுலபம். போட வேண்டியதும்தான். ஆனால் "சார், அப்போ நான் இதை எங்க கொண்டு போய் போடறது? நீங்களே சொல்லுங்க" என்று அவர் திருப்பிக் கேட்டால் அதிகாரிகளிடம் பதில் இருக்க வேண்டும். போட ஒரு இடம் காட்டாமல் போட்ட தடை எத்தனை நாளைக்கு நிற்கும்?

பிள்ளையாரை ஏரியில் கரைக்காதே என்று சொன்னபோது மக்கள் கேட்டுக் கொண்டார்கள். களிமண் சிலைக்கு மாறினார்கள். காரணம், அவர்களுக்கு மாற்று வழி இருந்தது. சீலிங் கழிவுக்கும் ஒரு மாற்று வழி காட்டினால் கேட்காமல் போக மாட்டார்கள்.

வடகிழக்கு பருவமழை வருடா வருடம் வந்து கொண்டேதான் இருக்கும். அடுத்த மழைக்குள் கூரை போட்ட ஒரு கொட்டகையாவது வருமா, அல்லது சாக்கு மூட்டைகள் ஏரிக்கரையிலேயே நனையுமா? பதில் சொல்ல வேண்டியது மாவட்ட நிர்வாகம்.